சாய்கோட்டுச் சண்டை

மருதமுனை
2025 ஜனவரி 5

நுஸ்ஹா,

ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்தாய். பேஸ்புக்கிலும் தடுத்தாய். இன்ஸ்டாகிராமில் தேடினால் அப்படியொரு பிறவியே இல்லை என்கிறது. மின்னஞ்சலை மட்டும் மறந்துவிட்டாய். மட்டக்களப்பில் ஒரே அறையில் தங்கி நாம் சித்திரம் படித்த காலத்திலும் நீ எந்தக் கதவையும் ஒழுங்காகப் பூட்டியதில்லை.

நான் சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு செய்தி இருக்கிறது, சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். அதன் பெறுமதி விளங்குகிற ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் என்பது என் கெட்ட காலம்.

டைல்ஸ் தரை கீற எனக்குக் கிடைத்துவிட்டது! எங்கள் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த பழைய கூட்டுறவுக் கடைக் கட்டடத்தைப் பெண்கள் தொழும் மண்டபமாக்குகிறார்கள், தெரியும்தானே. நோன்புக்கு முன் திறக்க வேண்டும். நேற்று நிர்வாக சபைக் கூட்டத்தில் தலைவர் சீனிமுகம்மது ஹாஜியார் என் வரைபடத்தை மேசையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உருவம் ஏதும் இரிக்கா டீச்சர்?"

"இல்ல ஹாஜியார். கோடும் கட்டமும்தான்."

"பூ, கொடி?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரம் கதைக்கிறம்? போடட்டும்."

நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்த சித்திரத்தை, மருதமுனையில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே எழும்பித் துள்ள வேண்டும்போல் இருந்தது.

இரண்டு நிபந்தனை. ஒன்று, ஸுஜூதில் நெற்றி படும் இடம் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும், நிறம் கவனத்தைக் கலைக்கும். இரண்டு, ஸப் வரிசைகள் ஒழுங்காக நிற்க வேண்டும். கொழும்பில் ஒரு முதலாளி பச்சைக் கார்ப்பட் தருவதாகச் சொல்லியிருக்கிறார், வரிசைக்கு வரிசை கோடு போட்ட கார்ப்பட். என் தரை சரிவராவிட்டால் அதை மேலே விரித்துவிடுவார்கள். அப்புறம் அந்தத் தரையைக் கபுறுக் குழியில் வைத்த மாதிரித்தான், யாரும் பார்க்கப்போவதில்லை. இந்த ஊரில் பெண் ஒருத்தி கீறியதைப் பள்ளிக் கட்டடத்தில் போடுவது இதுதான் முதல் தரம். பிழைத்துவிட்டால் இன்னொருத்திக்குக் கேட்கவும் வாய் வராது.

நாம் படித்த ஓவியர் மொண்ட்ரியானின் வழிதான். நெடுக்கு, குறுக்கு, வெள்ளை, கறுப்பு, கொஞ்சம் சிவப்பு, மஞ்சள், நீலம். உன் சாய்கோடு ஒன்றுகூட இல்லை. என் வரைபடத்தின் மேல் சிவப்பு மையால் மூலைக்கு மூலை கீறி, 'இது ஜன்னல் கம்பி' என்று எழுதி அனுப்பினாயே? அந்த ஜன்னல் கம்பியில்தான் ஊர் தொழப்போகிறது.

ஸம்றா


டென் ஹாக்
ஜனவரி 7

ஸம்றா,

பதில் சொல்வதும் கடமை. வ அலைக்குமுஸ்ஸலாம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். செய்தியைப் படித்துவிட்டு ட்ராமில் நின்றபடியே "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இனி மற்றது. ஜன்னல் கம்பியால் சண்டை வரவில்லை. அதற்கு நீ எழுதிய பதிலால் வந்தது. "நீ போய் வெள்ளைக்காரங்கட கோட்டை மாட்டு, சித்திரத்தை எங்களிட்ட விடு." ஓம், நான் மியூசியத்துக்கு வருகிறவர்களின் குளிர்க் கோட்டு வாங்கி மாட்டுகிற வேலைதான் செய்கிறேன். ஹிஷாமுக்கு இங்கே வேலை கிடைத்தது, பெண்சாதி என்று நான் கூட வந்தேன், என் பட்டத்தை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்கே தெரியும். நீயும் சொல்ல வேண்டுமா?

ஆனால் ஒன்று கேள். நீயும் நானும் புத்தகத்தில் தீப்பெட்டி அளவில் பார்த்த படங்களை நான் இப்போது இடைவேளைக்கு இடைவேளை மேலே போய், காவல்காரர் அதட்டும் அளவுக்குக் கிட்ட நின்று பார்க்கிறேன். அவை டைல்ஸ் மாதிரி வழுவழுப்பு இல்லை. கறுப்புக் கோட்டில் தூரிகை போன தடம் இருக்கிறது. வெள்ளை என்று நாம் சொன்னது ஒரு வெள்ளையே இல்லை, ஒன்று பால், ஒன்று சாம்பல், ஒன்று துவைத்துப் பழசான சாரன். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று எத்தனை தரம் போனை எடுத்து வைத்திருப்பேன் தெரியுமா?

இன்னொரு கதையும் உண்டு. மொண்ட்ரியானுக்கு வான் டூஸ்பர்க் என்று ஒரு கூட்டாளி. ஒன்றாகச் சஞ்சிகை நடத்தினார்கள், ஒரே கொள்கை. பிறகு வான் டூஸ்பர்க் சாய்கோடு போடத் தொடங்கினார். நேர்கோடு நின்ற இடத்தில் நிற்கிறது, சாய்கோட்டில்தான் ஓட்டம் இருக்கிறது என்றார். மொண்ட்ரியானுக்குப் பொறுக்கவில்லை, சஞ்சிகையை விட்டே விலகினார். அதனால் மட்டும் பிரியவில்லை, வேறு மனக்கசப்பும் இருந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் சண்டையை நினைத்தால் அவர்கள் சொல்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. சில வருஷம் கழித்து பாரிஸில் ஒரு கோப்பிக் கடையில் கண்டு மறுபடி கதைத்தார்களாம்.

நான் வான் டூஸ்பர்க் கட்சி. உன் தரை நித்திரை கொள்கிறது. ஒரு சாய்வு போடு, எழும்பும்.

நுஸ்ஹா


மருதமுனை
ஜனவரி 21

நுஸ்ஹா,

கோட்டு விஷயத்தை அனுப்பின கையோடு அழித்தேன். நீ அதற்குள் பார்த்துவிட்டாய். பார்க்காமல் இருந்திருந்தாலும் எழுதினது எழுதினதுதான். என்னை விட்டுவிட்டு அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் போய்விட்டாய் என்ற பொறாமையில் எழுதினேன். போதுமா? இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

டைல்ஸ் வந்துவிட்டது! மேசன் பஸால் காக்காவும் நானும் சீமெந்து இல்லாமல் சும்மா அடுக்கிப் பார்த்தோம். நான் கதிரை மேல் ஏறி நின்று "அதை அங்கால, இதை இங்கால" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சுவரோடு சுவராக, பிடித்து வைத்த மாதிரி நேராக ஓடுகிறது. வாசல் பக்கம் சிவப்பு, தூர மூலையில் கொஞ்சம் நீலம், நடுவில் வெள்ளை மூச்சு விடுகிறது. வெயில் ஜன்னலால் விழுந்தபோது பஸால் காக்காவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்.

"வடிவாத்தான் இரிக்கி டீச்சர். ஆனா என்ன எண்டு கேட்டா என்ன சொல்லுற?"

"ஒண்டும் இல்ல எண்டு சொல்லுங்க காக்கா."

நித்திரை கொள்கிறதாம்! வந்து பார். சனிக்கிழமை சீமெந்து குழைக்கிறார்கள். உன் சாய்வை நீயே வைத்துக்கொள்.

ஸம்றா


மருதமுனை
ஜனவரி 23

நுஸ்ஹா, இதை உடனே வாசி.

ஹவ்வா உம்மா இன்றைக்குத் தரை பார்க்க வந்தா. நோன்பு காலத்தில் எங்கள் பெண்களை ஒழுங்குபடுத்தி நிறுத்துகிறவ அவதான். லுஹருக்கு நேரமாகிவிட்டது, இங்கேயே தொழுதுவிடுகிறேன் என்று கையோடு கொண்டுவந்த முஸல்லாப் பாயை விரித்தா.

சாய்த்து விரித்தா.

என் கறுப்புக் கோட்டை மிதித்துக்கொண்டு, சிவப்புக் கட்டத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு, மூலைக்கு மூலையாகக் கிடந்தது முஸல்லா. அவ குறும்பு செய்யவில்லை. தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து விரித்தா, அவ்வளவுதான்.

பள்ளிவாசலைக் கிப்லா பார்த்துக் கட்டினார்கள். கடையை வீதி பார்த்துக் கட்டினார்கள், அரிசியும் மாவும் விற்பதற்குக் கிப்லா எதற்கு? வீதியோ கடல் போன போக்கில் போகிறது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் கிப்லா நமக்கு நேரே இல்லை, வலது தோள் பக்கம் சரிந்துதான் இருக்கிறது. இதை எந்தக் குழந்தையும் சொல்லும். எனக்குத் தெரியாதா? என் வீடும் அதே வீதியில்தான். என் அறையிலும் முஸல்லா கட்டில் காலில் தொடங்கி அலுமாரி மூலையைப் பார்த்துத்தான் கிடக்கிறது. ஐந்து நேரமும் அதில் நிற்கிறேன். நிற்கும்போது ஒருநாளாவது அதைச் சாய்வு என்று நினைத்திருப்பேனா? கிப்லா என்றால் நேர்தானே! அந்த நினைப்பிலேயே சுவரோடு சேர்த்துக் கோடு கீறி வைத்திருக்கிறேன்.

ஹாஜியாரும் வந்து பார்த்தார். ஏசவில்லை, அதுதான் கூட வலித்தது.

"டேப் ஒட்டுவமா டீச்சர், ஸப்புக்கு?"

ஒட்டிப் பார்த்தோம். ஒரு வரிசைக்கு ஒட்டியதுமே தெரிந்துவிட்டது. சோதனைத் தாளில் பிழையான விடையைக் குறுக்கே வெட்டின மாதிரி இருந்தது. சபையில் ஒருவர் "அப்ப கார்ப்பட்டயே விரிச்சா முடிஞ்சிது" என்றார். ஹாஜியார் எனக்கு நாளை வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் வரைக்கும் தவணை தந்திருக்கிறார்.

இப்போது நீ சிரிக்கலாம். சாய்கோடு வென்றுவிட்டது.

ஸம்றா


டென் ஹாக்
ஜனவரி 23

சிரிக்கவில்லை புள்ள. ஓடினேன்!

உன் கடிதம் வந்தபோது கையில் யாரோ ஒரு கிழவரின் கோட்டு. அதைக் கையில் வைத்தபடியே மேலே ஓடிவிட்டேன். இங்கே ஒரு படம் இருக்கிறது, மொண்ட்ரியான் கடைசியாகச் செய்து முடிக்காமல் விட்டுப்போனது. அவர் கோட்டின் இடத்தைத் தேடித் தேடி ஒட்டிய நிற டேப் துண்டுகள் இன்னும் அதில் ஒட்டியபடியே இருக்கின்றன. டேப், ஸம்றா! அந்தப் பெரிய மனிதரும் டேப் ஒட்டித்தான் பார்த்திருக்கிறார்.

ஆனால் நான் ஓடியது அதற்காக இல்லை. அந்தப் படம் தன் மூலையில் தொங்குகிறது. சதுரத்தைத் திருப்பி, ஒரு மூலை மேலே ஒரு மூலை கீழே, காற்றில் விடும் பட்டம் மாதிரி. எத்தனையோ நாள் பார்த்துவிட்டு, "பார், இவரும் கடைசியில் சாய்வுக்கு வந்துவிட்டார்" என்று எனக்குள் சிரித்திருக்கிறேன். இன்றைக்கு உன் முஸல்லாவை நினைத்துக்கொண்டு பார்த்தேன். கோடுகள் சாயவில்லை! ஒன்றுகூட இல்லை. நெடுக்கு நெடுக்காகவும் குறுக்கு குறுக்காகவும் அப்படியே நிற்கின்றன. விளிம்புதான் சாய்ந்திருக்கிறது. வான் டூஸ்பர்க்கோடு சண்டை வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அவர் அப்படிப் படங்கள் செய்திருக்கிறார். கோட்டை விட்டுக்கொடுக்காமல் சட்டத்தைத் திருப்பியிருக்கிறார்!

உன் தரையில் ஒரு கோட்டையும் மாற்றாதே. முழுவதையும் கிப்லாவுக்குத் திருப்பு. சுவர் எங்கே வெட்டுகிறதோ அங்கே வெட்டட்டும். உன் கோடு நேர், சுவர்தான் சரிவு.

இன்னும் கேள். குறுக்குக் கோடுகளை ஒரே இடைவெளியில் போடு, அதுதான் ஸப். நெடுக்குக் கோடுகளில் உன் இஷ்டப்படி விளையாடு, ஒன்று கிட்ட, ஒன்று எட்ட. திருப்பினால் சுவரோரம் முக்கோணம் முக்கோணமாக மிஞ்சும், அங்கே ஒரு ஆள் நின்று தொழ இடம் போதாது. எந்த நெற்றியும் படாத இடம் அது. நிறத்தையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டு!

நானும் வெட்கப்பட வேண்டும். இந்த வீட்டில் நான் குளிர்சாதனப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் சாய்த்து விரித்துத்தான் தொழுகிறேன். உன்னிடம் சாய்கோடு கேட்டேனே, 'ஓட்டம்' வேண்டும் என்றுதான் கேட்டேன். கிப்லா எனக்கும் நினைவில் இல்லை. ஆளுக்கு ஒரு சித்திரப் பட்டம் வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக முட்டாளாகியிருக்கிறோம்.

கீழே வந்தால் கிழவர் கோபத்தில் நிற்கிறார். கையில் இருந்ததைக் கொடுத்தேன். அது அவருடையது இல்லையாம்.

நுஸ்ஹா


மருதமுனை
ஜனவரி 25

நுஸ்ஹா,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்.

விடிய சுபஹுக்கு எழும்பி உன் கடிதத்தைப் பார்த்தேன். வரைபடத்தை எடுத்துத் திருப்பினேன். திருப்பின உடனே தெரிந்துவிட்டது. நான் உரத்துச் சிரித்ததில் உம்மா என்னவோ ஏதோ என்று அறைக்குள் ஓடிவந்தா.

வெள்ளிக்கிழமை பாடசாலை இல்லை. பஸால் காக்காவைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பள்ளிவாசல் சுவரிலிருந்து கிப்லாவை எடுத்து, அதற்கு நேராக நூல் கட்டச் சொன்னேன். அவர் கட்டின நூலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீச்சர், சுவரெல்லாம் மூலவெட்டு வரும். ஓரம் முழுக்க டைல்ஸ் அறுக்கணும். இது வேலயா, வேதனயா?"

"வேதனதான் காக்கா. செய்வீங்களா?"

"செய்யாம விடுவனா? நீங்க கதிரையில ஏறாதீங்க, அது போதும்."

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹவ்வா உம்மா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தா. நூலில் கால் வைத்து நிற்கச் சொன்னேன். நின்றார்கள். அஸருக்கு முன் ஹாஜியார் வாசலில் நின்று பார்த்தார். வரிசை நேராக இருந்தது. மண்டபம்தான் கொஞ்சம் திரும்பி நின்ற மாதிரி இருந்தது.

"கோணலா இரிக்கே டீச்சர்."

"ஹாஜியார், நாங்க கிப்லாக்கு நிக்கிறமா, சுவருக்கு நிக்கிறமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மரியாதை தப்பிவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"சரி, கார்ப்பட் தாறன் எண்ட மனிசனுக்கு நான் என்ன சொல்லுற?"

"ஆம்பிளயள்ட பக்கத்துக்கு விரிங்க."

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். ஆனால் முடிவு சொல்லவில்லை. கார்ப்பட் வரட்டும், ஓரமாக இருக்கட்டும், நோன்பின் முதல் தராவீஹ் இரவுத் தொழுகையில் ஸப் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றார். நேரே மறுக்காததே பெரிய விஷயம்.

இன்று காலை சீமெந்து குழைத்தார்கள். முதல் டைல்ஸை நான் வைத்தேன், பஸால் காக்கா அதை எடுத்துத் திரும்ப வைத்தார்.

ஸம்றா


டென் ஹாக்
ஜனவரி 26

வாட்ஸ்அப்பில் தடையை எடுத்துவிட்டேன். ஆனால் நீ கடிதத்திலேயே எழுது. அங்கே வந்தால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இங்கே உன் குரல் கேட்கிறது.

ஹிஷாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப யார் வென்ற?" என்று கேட்டார். நான் என்று சொன்னேன். நீ வேறு மாதிரிச் சொல்வாய் என்று தெரியும்.

ஹாஜியார் இறுதிவரை இழுக்கிறாரே! எனக்கு இங்கே நகம் மிஞ்சாது.

நுஸ்ஹா


மருதமுனை
பெப்ரவரி 16

நுஸ்ஹா,

முடிந்துவிட்டது. நேற்றுக் கழுவி விட்டோம்.

நீ யார் வென்றது என்று கணக்குப் பார்க்கிறாய். வந்து பார்த்தால் உனக்கே குழப்பம் வரும். நான் கீறின கோடு ஒன்றும் சாயவில்லை. ஆனால் கோடு சுவரைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் சாய்வு தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நீ கேட்ட ஓட்டம் இருக்கிறது, அதை நான் போடவில்லை. கூட்டுறவுக் கடை கட்டினவர்கள் போட்டுத் தந்திருக்கிறார்கள். வாசலில் மஞ்சள் முக்கோணம், எதிர் மூலையில் நீலம், ஜன்னலடியில் ஒரு துண்டு சிவப்பு. நடுவில் வெள்ளை, கறுப்பு, அமைதி. முதலில் உள்ளே வருகிறவர்கள் வாசலில் ஒருதரம் நின்று, தங்களை அறியாமல் உடம்பைக் கிப்லாப் பக்கம் திருப்புகிறார்கள். நான் ஒளிந்து நின்று பார்த்தேன். சந்தோஷத்தில் என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

கார்ப்பட்டும் வந்துவிட்டது. விறாந்தையில் சுருள் சுருளாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். நல்ல தடிப்பு, நல்ல பச்சை. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் போகப் பழகுகிறேன், முடியவில்லை. நோன்புக்கு முதல் இரவு தராவீஹில் பெண்கள் கலைந்து நின்றால், அடுத்த நாளே விரித்துவிடுவார்கள். எவருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஹாஜியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தரை தானாகச் சொல்ல வேண்டுமாம்.

எனக்காக துஆச் செய்.

ஸம்றா


டென் ஹாக்
பெப்ரவரி 17

செய்கிறேன். செய்துகொண்டே இருக்கிறேன். பிறை கண்ட உடனே எழுது. தராவீஹ் முடிந்து செருப்பைத் தேடும் நேரத்திலாவது எழுது!

நுஸ்ஹா


மருதமுனை
மார்ச் 2

நுஸ்ஹா, என் மச்சி, அஸ்ஸலாமு அலைக்கும், நோன்பு வாழ்த்துகள்!

நேற்று மஃரிபுக்குப் பிறகு பிறை அறிவித்தார்கள். இஷாவுக்கு முன்னமே பெண்கள் தெருத்தெருவாக வந்துவிட்டார்கள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, தொழுகைச் சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒருவரோடொருவர் கதைத்துக்கொண்டு, தரையை யாருமே பார்க்கவில்லை. ஒருத்திகூடக் குனிந்து பார்க்கவில்லை! கலையப்போகிறார்கள், சுவரைப் பார்த்துத்தான் நிற்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன்.

பள்ளிவாசலிலிருந்து ஒலிபெருக்கியில் தொழுகை தொடங்குகிற இகாமத் கேட்டது. கதை நின்றது. முன்னால் நின்றவர்கள் கறுப்புக் கோட்டில் காலை வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அடுத்த கோட்டில் வைத்தார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் தள்ளி நிறுத்தவில்லை. வரிசைக்குப் பின்னால் வரிசை, கடைசி வரைக்கும் நேர். மூலைகளில் நிறங்கள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. என் படம் முழுவதையும் மறைத்துவிட்டார்கள் நுஸ்ஹா. அது அவ்வளவு வடிவாக அதற்கு முன் ஒருநாளும் இருந்ததில்லை.

பெண்கள் வருவதற்கு முன்பே விறாந்தையில் சுருள்கள் இல்லையாம், பதற்றத்தில் நான் கவனிக்கவில்லை. ஹாஜியார் அஸருக்கே ஆட்களை விட்டு ஆண்கள் பக்கத்துக்குத் தூக்கிவிட்டாராம். பரீட்சை வைக்காமலே புள்ளி போட்டிருக்கிறார், எனக்கு மட்டும் சொல்லவில்லை! பஸால் காக்கா இன்று காலை சொன்னபோது எனக்கு ஹாஜியாரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அழவும் வந்தது. அழுதுவிட்டேன்.

நேற்று நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். இடது பக்கம் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டேன். தெரிந்துதான் விட்டேன். ஸப்பில் இடைவெளி விடக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கை உயர்த்தித் தக்பீர் கட்டுகிற நேரத்துக்குள் ஒரு நிமிஷமாவது அது உன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த இடத்துக்கு அப்பால் ஹவ்வா உம்மா. என் கையை எட்டிப் பிடித்து ஒரே இழுப்பு.

"என்னகா இது? யாருக்கு விட்ட? கிட்ட வா."

அதற்குள் தக்பீர் கட்டியாகிவிட்டது. அவவின் தோள் என் தோளில் வந்து ஒட்டியது, வரிசை மூடிவிட்டது.

ஆகவே உனக்கு இடம் பிடித்து வைக்க முடியாது மச்சி, இவர்கள் விடமாட்டார்கள். பெருநாளைக்கு முன் வந்துவிடு. நெருக்கிக்கொண்டு நின்றால் எந்த வரிசையும் இன்னும் ஒருத்தியைக் கொள்ளும்.

ஸம்றா